எங்கள் ஊர் நாடகத்துக்கு யார் வருவார்கள்?

டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 11 பேர் சேர்ந்து குழு ஆரம்பித்து, ஒன்றரை வருடத்தில் இரண்டு நாடகம் போட்டிருக்கிறீர்கள். முதல் நாடகத்துக்கு நாற்காலி பற்றவில்லை. இரண்டாவதற்குப் பாதி நாற்காலி காலி. வந்தவர்களிலும் பெரும்பாலும் உங்கள் சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர்கள். "விளம்பரம் எப்படிச் செய்வது, அரசு உதவியோ ஸ்பான்சரோ கிடைக்குமா" என்று கேள்வியை முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "முதல் தடவை கைகொடுத்துப் பாராட்டியவர்கள்கூட இரண்டாம் தடவை வரவில்லை." கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒரு தடவை வந்தவரை மறுபடி எப்படி வரவைப்பது? விளம்பரமும் உதவித்தொகையும் அதற்கு அப்புறம் பேசவேண்டிய சங்கதிகள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருச்சியில் வங்கி வேலை, இப்போது ஓய்வு. முப்பது வருடத்துக்கு மேல் ஓர் அமெச்சூர் குழுவில் இருந்தேன். நடித்தது நாலே வேஷம். அதில் ஒன்று தந்தி கொடுத்துவிட்டுப் போகிற தபால்காரர். மற்றபடி மண்டபம் பேசுவது, மைக் செட்காரரிடம் பேரம் பேசுவது, கணக்கு எழுதுவது, நாடகத்தன்று வாசலில் மேஜை போட்டு உட்கார்வது, இவையெல்லாம் என் வேலை. நடிப்புப் பயிற்சி பற்றியோ இயக்கம் பற்றியோ கேட்டிருந்தால் பேசாமல் போயிருப்பேன். நீங்கள் வாசலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பழைய கதை கொஞ்சம். நம் ஊரில் அமெச்சூர் நாடகம் என்றால் எல்லோரும் ஆரம்பிக்கிற இடம் சுகுண விலாச சபா. பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் 1891-ல் சென்னையில் தொடங்கியது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டினார்கள் என்பதைப் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 'சபா' என்ற சொல். நாடகக் கம்பெனி என்றால் கொட்டகை போட்டு, டிக்கெட் விற்று, அன்றன்றைக்கு வரும் வசூலில் அன்றன்றைக்குச் சாப்பிடும். சபா அப்படி இல்லை. அதற்கு அங்கத்தினர்கள் உண்டு, அவர்கள் சந்தா கட்டுவார்கள்.

பிற்பாடு சென்னையில் தெருவுக்கு ஒரு சபா முளைத்தபோதும் இதே ஏற்பாடுதான். அங்கத்தினர் வருடச் சந்தா கட்டிவிடுவார். சபா அவருக்கு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ நிகழ்ச்சி தரும். ஒரு மாதம் கச்சேரி, ஒரு மாதம் நாடகம். நாடகக் குழுவுக்கு சபா ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடும். முதல் காட்சிக்கு மற்ற சபா செகரட்டரிகள் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் அங்கேயே தேதி கொடுப்பார்கள். ஏ.ஜி. ஆபீஸில் (அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம்) வேலை பார்த்த கே. பாலசந்தர், ரயில்வேயில் இருந்த நாகேஷ், வானொலியில் இருந்த பூர்ணம் விஸ்வநாதன் போன்றவர்கள் ஆபீஸ் விட்டு ஆறு மணிக்கு மேல் ஒத்திகை பார்த்து நாடகம் போட முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். 1952-ல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் மாதிரி குழுக்கள் பல தலைமுறை தாண்டி நின்றதற்கும் இது ஒரு காரணம். அவர்களில் யாரும் ஒவ்வொரு நாடகத்துக்கும் புதிதாக ஆள் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆள் ஏற்கெனவே காசு கட்டிவிட்டு வீட்டில் காத்திருந்தார். தொலைக்காட்சி சீரியல் வந்து நாடகத்தைக் கொன்றுவிட்டது என்பார்கள். நான் வாசலிலிருந்து பார்த்த வரையில், முதலில் சந்தா புதுப்பிப்பது நின்றது. நாடகம் படுத்தது அதன் பிறகு.

கிராமத்தில் இதைவிடப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. உங்கள் பக்கத்திலேயே பார்த்திருப்பீர்கள். அம்மன் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். அந்த வரியில் ஒரு பங்கு நாடகத்துக்கு. ஊர்ப் பையன்கள் ஒரு வாத்தியாரை வைத்து இரண்டு மாதம் பாடம் பண்ணுவார்கள். கதாநாயகி வேஷத்துக்கு மட்டும் வெளியூரிலிருந்து நடிகை வருவார். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிக்கிற நாடகத்துக்கு சாயங்காலமே பாய் விரித்து இடம் பிடிப்பார்கள். அதற்கு யார் விளம்பரம் செய்தது? வரி கட்டிய வீட்டுக்கு அது தன் நாடகம். அந்த வீட்டுப் பையன் நடித்தாலும் சரி, நடிக்காவிட்டாலும் சரி.

இதே விஷயத்தை இன்னும் பிடிவாதமாகச் செய்துகாட்டிய ஊர் கர்நாடகத்தில் ஹெக்கோடு. சிவமொக்கா மாவட்டம், சாகர தாலுகா, சுற்றிலும் பாக்குத் தோட்டம். 1949-ல் சில இளைஞர்கள் ஆரம்பித்த நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கம்தான் இன்றைக்கு நாம் சொல்கிற 'நீநாசம்'. கே.வி. சுப்பண்ணா அதை வளர்த்தார். 1980-ல் நாடகப் பள்ளி வந்தது, 1985-ல் ஊர் ஊராகச் சுற்றுகிற 'திருகாட்ட' குழு வந்தது, 1991-ல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. விருதைப் பார்த்துவிட்டு, அது ஏதோ பெரிய நிறுவனம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் முப்பது வருடம் அது வெறும் ஊர்க் குழுதான். தோட்டக்காரர்களும் வாத்தியார்களும் நடித்தார்கள், அவர்கள் வீட்டாரே பார்த்தார்கள். சினிமா பார்க்கவும் புத்தகம் பேசவும் அங்கேயே கூடினார்கள். அப்படிக் கூடிக் கூடித்தான் பார்க்கிற கூட்டம் உண்டானது.

ஆக மூன்று இடத்திலும் திரை தூக்குவதற்கு முன்பே நாற்காலிக்கு உரிமைக்காரர் இருந்தார். நீங்கள் இரண்டாம் நாடகத்தில் செய்தது என்னவென்றால், சபாவின் கையில் இருக்கிற ஆள்பலத்தோடு கம்பெனி பண்ணுகிற வேலையைச் செய்யப் பார்த்தீர்கள். கம்பெனிக்குத் தினம் ஆட்டம் உண்டு. இன்றைக்கு ஆள் குறைந்தால் நாளைக்கு ஈடு கட்டும். வருடத்துக்கு ஒரே ஒரு மாலை நாடகம் போடுகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் என் யோசனை, சின்னதாக ஒரு சபா நடத்துங்கள். பெயர் என்னவாவது இருக்கட்டும். வருடத்துக்கு நான்கு மாலை. நாலும் உங்கள் நாடகமாக இருக்கவேண்டியதில்லை, இருக்கவும் முடியாது. 11 பேர் வேலைக்கும் போய்க்கொண்டு வருடத்துக்கு இரண்டு நல்ல நாடகம் போட்டாலே பெரிய விஷயம். மூன்றாவதற்கு வெளியூர்க் குழு ஒன்றைக் கூப்பிடுங்கள், நாலாவது பள்ளிப் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். ஒரு குடும்பத்துக்கு வருடச் சந்தா 600 ரூபாய் என்று வைத்தால், 80 குடும்பம் சேர்ந்தால் 48,000. ஒரு மாலைக்கு 12,000. இந்தக் காசில் பட்டுத் திரையும் சுழல் மேடையும் வராது. சின்ன மண்டபம், ஆறு ஸ்பாட் லைட், நாலு மைக், மேக்கப்காரருக்குச் சம்பளம், ஒத்திகைக்கு டீ, இவ்வளவுதான் அடங்கும். வாடகையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும், அதனால் உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 80 குடும்பம் எங்கே கிடைக்கும் என்பீர்கள். முதல் நாடகத்துக்கு நாற்காலி பற்றவில்லை என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? அவர்கள் பெயரும் போன் நம்பரும் யாரிடமாவது இருக்கிறதா? இருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

நாங்களும் ஏழு வருடம் இந்தத் தப்பைச் செய்தோம். அப்புறம்தான் நான் வாசல் மேஜையில் 200 பக்க நோட்டு ஒன்று வைத்தேன். மூன்று பத்தி: பெயர், நம்பர், 'யார் சொல்லி வந்தீர்கள்'. முதல் இரண்டையும் எல்லோரும் எழுதுவார்கள். மூன்றாவதில்தான் சங்கதி இருந்தது. நாங்கள் 40 இடத்தில் போஸ்டர் ஒட்டிய நாடகத்துக்கு 'போஸ்டர் பார்த்து' என்று எழுதியவர் இரண்டு பேர். 'மெடிக்கல் ஷாப் அண்ணன் சொன்னார்' என்று எழுதியவர்கள் ஒன்பது பேர். அந்த அண்ணனுக்கு நாடகத்தில் அப்படியொன்றும் ஆர்வம் கிடையாது. எங்கள் கதாநாயகன் தினமும் அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவன், அவ்வளவுதான். அடுத்த தடவை போஸ்டரைப் பாதியாக்கிவிட்டு, மெடிக்கல் ஷாப், தையல் கடை, டியூஷன் டீச்சர், நூலகர் என்று பத்து பேர் வீட்டுக்கு நேரில் போய்த் தாம்பூலத் தட்டு வைத்து அழைத்தோம். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி. சிரித்தார்கள். வந்தார்கள். கூட ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

இங்கே எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் சந்தேகமாக இருப்பதையும் பிரித்துச் சொல்லவேண்டும். ஒரே இடம், ஒரே கிழமை, சொன்ன நேரம்: இது பலன் தரும், சந்தேகமே இல்லை. 'மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முதல் ஞாயிறு, ஆறரை மணி, அதே மண்டபம்' என்று ஊருக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆறரை என்றால் ஆறரைக்குத் திரை தூக்க வேண்டும். வி.ஐ.பி. வரவில்லை என்று ஏழேகால் வரை காக்கவைத்தால், சொன்ன நேரத்துக்கு வந்தவரைத் தண்டித்ததாகிவிடும். அவர்தான் அடுத்த தடவை வராதவர். இரண்டு நாள் முன்னால் போனில் ஒரு வார்த்தை சொல்வதும் பலன் தரும். வாட்ஸ்அப் அறிவிப்பு வேறு, ஒரு மனிதக் குரல் 'வந்துடுங்க சார்' என்பது வேறு. 80 குடும்பத்தை 11 பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஏழெட்டு அழைப்பு.

சமூக ஊடகம் சந்தேகக் கணக்கில் வரும். இன்ஸ்டாகிராமில் ஒத்திகைத் துணுக்கு போட்டால் லைக் வரும். லைக் போட்டவர் துபாயில் இருப்பார், கோயம்புத்தூரில் இருப்பார். உங்கள் மண்டபத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர் எத்தனை பேர் என்று பாருங்கள். புதிதாக நடிக்க ஆள் சேர்க்க அது உதவுகிறது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள், அதை நம்புகிறேன். முழு நாடகத்தையும் யூடியூபில் ஏற்றுவதில் எனக்கு இரண்டு மனசு. வெளியூர் அழைப்பு வர அது உதவும். ஆனால் நிலையாக வைத்த ஒரு கேமராவில், எதிரொலிக்கிற சத்தத்தோடு எடுத்த நாடகம், நன்றாக நடித்ததையும் மோசமாகக் காட்டும். ஏற்றுவதானால் நல்ல பத்து நிமிடத்தை மட்டும் ஏற்றுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டிருந்தால் அதுவும் வம்பு, காப்புரிமைக்காரர் பிடிப்பார்.

இலவசமா, டிக்கெட்டா என்பது பலரைப் படுத்துகிற கேள்வி. நான் டிக்கெட் பக்கம். இலவசம் என்றால் மழைத்தூறல் விழுந்தால் வரமாட்டார்கள், நடுவில் எழுந்து போவார்கள். 50 ரூபாய் கொடுத்தவர் கொஞ்சம் பொறுமையாக உட்காருவார். ஆனால் இதில் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு, பலருக்குத் தெரியாது. 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் அமெச்சூர் குழுக்களுக்கென்றே ஒரு சலுகை இருக்கிறது: கட்டணம் வாங்காமல் பார்வையாளர்களுக்கு நடித்துக் காட்டினாலோ, ஒரு மத நிறுவனத்தின் நன்மைக்காக நடத்தினாலோ அது காப்புரிமை மீறல் ஆகாது. டிக்கெட் போட்ட நிமிடம் அந்தச் சலுகை போய்விடும். சந்தா வாங்கினால் கட்டணக் கணக்கில் வருமா என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை. எப்படியிருந்தாலும் எழுத்தாளரிடம் கடிதம் எழுதி அனுமதி வாங்கிவிடுவது நல்லது. நாங்கள் கேட்டவர்களில் பெரும்பாலோர் பணம் வேண்டாம், பெயரை மட்டும் ஒழுங்காகப் போடுங்கள் என்றார்கள். ஒருவர் முன்வரிசையில் நாலு நாற்காலி கேட்டார். ஆசிரியர் காலமாகி 60 வருடம் தாண்டிவிட்டால் கவலையே இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1964-ல் காலமானார். 2024 முடிந்ததோடு அந்தக் காலக்கெடு தீர்ந்துவிட்டது. அவருடைய நகைச்சுவை நாடகங்கள் புது ஆட்களுக்கு இன்றைக்கும் நல்ல பாடம். வசனத்தைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும்.

சட்டம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் நாடகம் போட ஸ்கிரிப்டைப் போலீஸில் கொடுத்து அனுமதி வாங்கவேண்டும். 1876-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த நாடகச் சட்டத்தின் வழிவந்த 1954-ம் வருடச் சட்டம் நம்மிடம் இருந்தது. 'பரீக்‌ஷா' குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதனால் யாராவது உங்களிடம் 'ஸ்கிரிப்டைக் கொடு, படித்துப் பார்த்துத்தான் விடுவோம்' என்றால் அந்தத் தீர்ப்பைப் பணிவாகச் சொல்லலாம். ஆனால் தெருவிலோ மைதானத்திலோ போடுவதானால் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி தேவை. ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. இதையெல்லாம் முன்கூட்டியே ஸ்டேஷனில் ஒரு கடிதம் கொடுத்து, முத்திரை போட்ட நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகல் என்னை இரண்டு தடவை காப்பாற்றியிருக்கிறது.

ஸ்பான்சர் பற்றி ஒரு கதை. ஒரு தடவை ஒரு கடைக்காரர் மொத்தச் செலவையும் ஏற்றுக்கொண்டார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நாடகத்தன்று மேடையில் அவருக்கு மாலை, அவர் கூட்டாளிக்கு மாலை, அவர் அழைத்து வந்த பிரமுகருக்குப் பொன்னாடை. பிரமுகர் மைக்கைப் பிடித்தார். 45 நிமிடம். மேக்கப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்ற எங்கள் கிழவர் வேஷக்காரருக்கு ஒட்டுத் தாடி வியர்வையில் கழன்றுவிட்டது. வாழ்த்துரை முடிந்தபோது பின்வரிசை முழுக்கக் காலி. கணக்குப் புத்தகத்தில் அன்றைக்கு லாபம், நோட்டுப் புத்தகத்தில் நஷ்டம்.

அதற்கு அப்புறம் ஒரே ஆளிடம் பெரிய தொகை வாங்குவதை நிறுத்தினோம். பத்துக் கடையில் ஆயிரம் ஆயிரமாக வாங்கினோம், மேடைப் பேச்சு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு. பதிலுக்கு என்ன கொடுப்பது? எங்கள் மண்டபத்தில் மின்விசிறியைப் போட்டால் தொங்கவிட்ட மைக்கில் 'கர்ர்ர்' என்று சத்தம் ஏறும். நாடகம் நடக்கும்போது விசிறியை நிறுத்தித்தான் ஆகவேண்டும். ஏப்ரல் மாதம், திருச்சி, சொல்லவேண்டுமா. ஆளுக்கு ஒரு அட்டை விசிறி கொடுத்தோம். ஒரு பக்கம் கடைகளின் பெயர்கள், மறுபக்கம் நாடகத்தின் பெயரும் அடுத்த நாடகத்தின் தேதியும். நாடகம் முடிந்ததும் யாரும் அதைக் கீழே போட்டுவிட்டுப் போகவில்லை. கரண்ட் போகிற ஊரில் விசிறியைத் தூக்கி எறிவார்களா? மூன்று மாதம் கழித்து ஒரு வீட்டுக்கு அழைக்கப் போனபோது, தொலைக்காட்சிப் பெட்டி மேல் அந்த விசிறி இருந்தது. "தேதி தெரியும் தம்பி, விசிறியில போட்டிருக்கே" என்றார் அந்த வீட்டுப் பாட்டி.

அரசு உதவி உண்டு. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது, தஞ்சாவூரிலேயே தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது; உங்களுக்குப் பக்கம். மத்திய கலாசார அமைச்சகத்தின் திட்டங்களும் இருக்கின்றன. எதற்கும் முதல்படி பதிவு. 1975-ம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். உங்களிடம் 11 பேர் இருக்கிறார்கள். பதிந்தால் போதாது. வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, கணக்குத் தணிக்கை செய்து, பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யவேண்டும். பல குழுக்கள் பதிவதோடு மறந்துவிடுகின்றன, அப்புறம் உதவி கேட்டுப் போகும்போது பழைய பாக்கியெல்லாம் வரிசையில் நிற்கும். உங்களில் கணக்கில் சலிப்படையாத ஒருவரைப் பொருளாளராகப் போடுங்கள், அவருக்கு வேஷம் கொடுக்காதீர்கள். உதவித்தொகை பற்றி என் அனுபவம் இது: கிடைத்தால் நல்ல லைட் வாங்கலாம், கொஞ்சம் தெம்பு வரும், அதை நம்பி நாடகத் தேதியை வைத்தால் நாடகம் நடக்காது. உத்தரவு ஒரு வருடம், பணம் இன்னொரு வருடம் என்று வந்த காலமும் உண்டு. இப்போது மாறியிருந்தால் சந்தோஷம்.

எந்த நாடகம் போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மறுபடி வருவதற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதால் கொஞ்சம் சொல்கிறேன். சென்னையில் ஓடிய நகைச்சுவையைத் தாலுகா ஊரில் அப்படியே போட்டால் முதல் தடவை சிரிப்பார்கள். இரண்டாம் தடவை, இதைத்தான் செல்போனிலேயே பார்க்கலாமே என்று தோன்றிவிடும். கோமல் சுவாமிநாதன் 1980-ல் 'தண்ணீர் தண்ணீர்' போட்டார், அடுத்த வருடமே அது சினிமாவாக வந்தது. சபா மேடையில் ஒரு வறண்ட கிராமம் வந்து நின்றது, கூட்டம் அதைப் பார்த்தது. உங்கள் ஊரில் ஆற்று மணல் இருக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை இருக்கிறது, துபாய் போன மகனுக்குக் காத்திருக்கிற வீடு தெருவுக்கு நாலு இருக்கிறது. எழுதத் தெரிந்தவர் உங்களில் ஒருவர் இருந்தால் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதச் சொல்லுங்கள். கதை சொன்னவர் நாடகம் பார்க்கக் கண்டிப்பாக வருவார். தன் கதையைச் சரியாகச் சொல்கிறார்களா என்று பார்க்க நாலு பேரையும் கூட்டி வருவார். நிஜ ஆட்களின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். சின்ன ஊர், அப்புறம் அதே தெருவில்தான் நடமாடவேண்டும்.

பெண்கள் நடிக்க வரவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஒத்திகை எத்தனை மணிக்கு முடிகிறது என்று முதலில் பாருங்கள். எங்கள் குழுவில் ராத்திரி 10 வரை இழுத்தவரைக்கும் ஒரு பெண்கூட நிலைக்கவில்லை. எட்டு மணிக்கு முடித்து, வீடு வரை இரண்டு பேராகக் கொண்டுபோய் விடுவது என்று ஏற்பாடு வந்த பிறகு நிலைமை மாறியது. ஒரு கல்லூரிப் பெண்ணின் அம்மா, மகளுக்குத் துணையாக ஒத்திகைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருப்பார். மூன்றாம் வாரம் அவர் கையில் ஊசி நூல் இருந்தது. நாலாவது மாதம் உடை இலாகா முழுக்க அவரிடம். அடுத்த வருடம் மாமியார் வேஷம் கட்டினார்; மேடையில் அவர் மருமகளை முறைத்த முறைப்பில், ஒத்திகை பார்த்திருந்த நாங்களே ஒரு நிமிடம் பயந்தோம். அவரால் மட்டும் அந்தத் தெருவிலிருந்து ஆறு குடும்பம் சந்தா சேர்ந்தது.

கிளை நூலக வாசகர் வட்டம், பள்ளி ஆண்டு விழா, தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) நடத்துகிற கலை இரவு, கோயில் திருவிழா, எங்கே கூப்பிட்டாலும் 20 நிமிட நாடகம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். செட் வேண்டாம், நாலு பேர், ஒரு பெஞ்ச். அழைக்கிறவர்களின் கொடிக்கு நிறம் உண்டு என்பது உண்மைதான். அதைக் குழுவுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், நாடகத்தன்று மேடைக்குப் பின்னால் பேசாதீர்கள். போட்டிகளுக்குப் போவதைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. பரிசு வந்தால் போஸ்டரில் போடலாம். வராவிட்டால் நடுவரைத் திட்டியே ஆறு மாதம் போய்விடும், நாங்கள் அப்படித்தான் ஒரு வருடத்தைக் கழித்தோம்.

தேதி விஷயம் ஒன்று பாக்கி. உங்கள் இரண்டாவது நாடகம் வைகாசியில் நடந்தது என்று எழுதியிருந்தீர்கள். வைகாசி ஞாயிறு என்றால் முகூர்த்தமாக இருந்திருக்கும். உங்கள் ரசிகர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள், மண்டப வாடகையும் உச்சத்தில் இருந்திருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மண்டபம் பூட்டிக் கிடக்கும், வாடகை பேரத்துக்குப் படியும், மக்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை போக இடம் இருக்காது. எங்கள் குழுவின் நல்ல கூட்டமெல்லாம் ஆடியில் வந்ததுதான். சந்தாவின் முதல் நாடகத்தை ஆடியில் வையுங்கள். அதற்கு ஆனி முதல் தேதியே மண்டபக்காரரைப் போய்ப் பாருங்கள். வாடகை பேசும்போது கரண்ட் பில்லும் கூட்டிப் பெருக்குகிற கூலியும் அதில் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.